ஒருவரையொருவர் கவனிப்போமா?

வேத பாடம்: எபிரெயர் 10:24, 25



இந்த இதழின் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட இரண்டு வசனங்களும் பலருக்கு மனப்பாடம். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். இவற்றில் 25-ம் வசனத்தைத்தான் ஊழியக்காரராகிய நாங்கள் அதிகமாகப் பிரசங்கித்திருக்கிறோம். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்பது அதன் கருத்து. ஆராதனைக்கு ஒழுங்காக வராதவர்களை எச்சரிக்க இது கைக்கு எளிதாகக் கிடைக்கும் வசனம். ஆனால் இது ஒரு தனி வசனம் அல்ல. முந்தின வசனத்தில் தொடங்கிய வாக்கியத்தின் பிற்பகுதி. முற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதியை மட்டும் எடுத்தால் எவ்வளவு பெரிய தவறு நேரிடும் என்பதை நாங்கள் படித்தது வேதாகமக் கல்லூரியில் அல்ல. வளவனூர்ப் பக்கத்தில் ஒரு மண்சுவர் வீட்டின் வாசலில்தான் படித்தோம்.

1. எங்கள் தவறு

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம் பகுதியார் மறக்கமாட்டார்கள். விழுப்புரம் மாவட்டம் முழுவதும் தண்ணீர் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீடுகளும் கரும்பும் நெல்லும் ஒன்றாகச் சாய்ந்தன.

நாங்கள் ஆராதனை நடத்தும் சிறிய சபையில் ஒரு குடும்பம் எப்பொழுதும் கடைசி வரிசையில் உட்காரும். கணவன் கரும்பு வெட்டும் கூலியாள். மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள். புயலுக்குப் பின் அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் வரவில்லை. வருஷக் கடைசி இரவு ஜெபத்திலும் அவர்களைக் காணோம். வருகைப் பதிவில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வந்தோம். "விசுவாசத்தில் தளர்ந்து போனார்கள்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஜனவரியில் ஒரு ஞாயிறு, மேற்படி 25-ம் வசனத்தை வைத்துக் கண்டிப்பாகவே பிரசங்கித்தோம். யாரை நினைத்துப் பேசினோமோ அவர்கள் அங்கே இல்லை என்பது அப்பொழுது எங்களுக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அவர்கள் வீட்டுக்குப் போனோம். புயலில் ஒரு பக்கத்துச் சுவர் விழுந்து, அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. கணவன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இருமல் விடவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. அந்தச் சகோதரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்று சொன்னார்: "ஐயா, நல்ல துணியெல்லாம் தண்ணியில போயிடுச்சி. தட்டு வரும்போது போட கையில ஒண்ணும் இல்ல. அவரு இருமினா பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போயிடுறாங்க. எப்படி ஐயா வர்றது?"

எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் டாக்டர். அந்த இரண்டு மாதங்களும் எங்கள் பதிவுப் புத்தகத்தில் கோடுகளாக இருந்தன.

2. வசனம் சொல்லும் ஒழுங்கு

இப்பொழுது 24-ம் வசனத்திற்கு வருவோம். அன்பு செய்யவும் நல்ல கிரியைகளைச் செய்யவும் ஒருவரையொருவர் தூண்டும்படி ஆசிரியர் சொல்லுகிறார். ஆனால் அதற்கு முன் ஒரு காரியத்தை வைக்கிறார். அது ஒருவரையொருவர் கவனிப்பது.

மூல பாஷையாகிய கிரேக்கில் இந்த இடத்தில் வரும் வினைச்சொல், நின்று நிதானித்து உற்றுப் பார்ப்பதைக் குறிப்பது. லூக்கா 12-ம் அதிகாரத்தில் காகங்களையும் காட்டுப் பூக்களையும் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் சீஷருக்குச் சொன்னபோது வருவதும் இதே சொல்தான். வயலோரத்துப் பூவைப் பார்க்க நடையை நிறுத்த வேண்டும், குனிய வேண்டும். உடன் விசுவாசியைப் பார்க்கவும் அப்படியே. பெயரையும் வருகையையும் காணிக்கையையும் எண்ணுவது பதிவேட்டின் வேலை. அவர் முகம் ஏன் வாடியிருக்கிறது, கைப்பிள்ளை ஏன் அழுதுகொண்டே இருக்கிறது என்று பார்ப்பது விசுவாசியின் வேலை.

அடுத்து, தூண்டிவிடுதல் என்ற சொல். இதுவும் நாம் சிந்திக்க வேண்டியது. கிரேக்கில் இது மென்மையான சொல் அல்ல, உறைப்பான சொல். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று நம்முடைய வசனம். மற்றொன்று அப்போஸ்தலர் 15:39. அங்கே பவுலும் பர்னபாவும் பிரிந்து போகும் அளவுக்கு அவர்களுக்குள் மூண்ட கடும் வாக்குவாதத்தைக் குறிக்க வருகிறது. ஒருவர் மற்றொருவரின் உள்ளத்தில் கிளப்பும் சூடு சண்டையாகவும் முடியலாம், அன்பாகவும் முடியலாம் என்று இதிலிருந்து அறிகிறோம். கவனித்துப் பார்க்காமல் தூண்டினால் குத்தலாகிவிடுகிறது. கவனித்த பின் தூண்டினால் ஊக்கமாகிறது. எங்கள் ஜனவரிப் பிரசங்கம் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, 25-ம் வசனத்தில் வரும் புத்திசொல்லுதல். இந்த வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள் பக்கத்தில் வரும்படி அழைப்பது. பரிசுத்த ஆவியானவரை யோவான் சுவிசேஷம் தேற்றரவாளன் என்று அழைக்கும் பெயரும் இதே வேரில் பிறந்தது. ஆகவே வேதத்தின்படி புத்திசொல்லுகிறவர் மேடையில் தள்ளி நிற்கிறவர் அல்ல. பக்கத்தில் வந்து நிற்கிறவர்.

இம்மூன்றையும் சேர்த்து வாசித்தால், 25-ம் வசனம் வராதவர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டாக மட்டும் நிற்பதில்லை. வந்தவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமையாகவும் ஆகிறது. நாம் கூடிவருவது யார் வரவில்லை என்று அறிந்து, அவரிடத்திற்குப் போவதற்காகவும்தான்.

3. பர்னபா செய்தது

இதை வேதத்தில் வாழ்ந்து காட்டியவர் பர்னபா. அவருடைய சொந்தப் பெயர் யோசே. ஆறுதலின் மகன் என்னும் பொருள்படும் பர்னபா என்ற பெயரை அப்போஸ்தலர் அவருக்கு இட்டார்கள் (அப். 4:36). சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனவர் பர்னபா (அப். 9:27). பின்பு அந்தியோகியாவில் ஊழியம் பெருகியபோது, தர்சு பட்டணத்திற்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தவரும் அவரே (அப். 11:25). தேடிப் போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

அப்புறம் மாற்கு. முதல் பிரயாணத்தில் பாதியில் திரும்பிப்போன வாலிபன் அவன். மறுபடியும் அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுலுக்கு மனமில்லை. பர்னபாவோ அவனைக் கைவிடாமல் தன்னுடன் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல ஆண்டுகளுக்குப் பின், சிறையிலிருந்து எழுதும் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமானவன் என்று சொல்லி அவனை அழைத்து வரச் சொல்லுகிறார் (2 தீமோ. 4:11). அன்று பர்னபா அவன் பக்கத்தில் நிற்காதிருந்தால் இந்த வார்த்தை எழுதப்பட்டிருக்குமா?

4. திண்டிவனத்து இரவும் அதன்பின் நின்றவர்களும்

வளவனூரிலிருந்து விழுப்புரம் போய்ப் பேருந்து மாறினால் திண்டிவனம். அங்கே 1890-களின் தொடக்கத்தில், ஆற்காடு மிஷன் பங்களாவில் நடந்த ஒரு சம்பவத்தை நம்மில் பலர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாரைக் கவனிக்க வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். மிஷனெரியாக வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், மற்றொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். டாக்டராகிய தம் தகப்பனாரை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆண் டாக்டர் தங்கள் பெண்களைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப் போயிருந்தார்கள். டாக்டராகத் திரும்பி வருவேன் என்று அன்று ஐடா தீர்மானித்தார்.

கதையை இத்துடன் நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் ஓர் இரவில் எடுத்த தீர்மானம் ஒரு மருத்துவமனை ஆகிவிடுவதில்லை. அதற்குப் பின் யார் யார் அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றார்கள் என்பதே நம் பாடத்திற்கு வேண்டியது.

ஐடா 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்கள் மருத்துவமனைக்காக 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நியூயார்க்கில் ஒரு வீட்டில் இந்தத் தேவையை அவர் ஓர் அம்மையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்னும் முதியவரின் காதில் அது விழுந்தது. மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக அவர் 10,000 டாலர் கொடுத்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் கவனித்தார்.

ஐடாவுடன் ஆனி ஹான்காக் என்ற தோழி சுவிசேஷ ஊழியத்திற்காக வேலூருக்கு வந்து, வீடுவீடாகப் பெண்களைச் சந்தித்தார். வந்து சில மாதங்களிலேயே, 1900-ல், ஐடாவின் தகப்பனார் காலமானார். பயிற்சி தரவேண்டிய மூத்த டாக்டர் போய்விட்டார். கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஜனங்களுக்கோ இந்த இளம் டாக்டர்மேல் நம்பிக்கை இல்லை. பங்களாவின் ஒரு சிறிய அறையே வைத்தியசாலை. அந்நாட்களில் நர்சுப் பயிற்சி எதுவும் இல்லாத சாலோமி என்ற நம் நாட்டுப் பெண் கூட நின்று, கட்டுப்போடவும் மருந்து கொடுக்கவும் கற்றுக்கொண்டார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்படுமுன், அந்தச் சிறிய இடத்திலேயே ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றிருந்தார்கள்.

அதைரியப்படுத்தும் குரலும் கேட்டது. 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்க முயன்றபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றார் சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவர். விண்ணப்பங்கள் நூற்றுக்கு மேல் வந்தன. பரீட்சைக்குப் போன 14 மாணவிகளும் தேறினார்கள். அந்தப் பதினான்கு பேரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளாமலா தேறியிருப்பார்கள்?

பிரியமானவர்களே, ஐடா ஸ்கடரின் பெயர் உலகமெங்கும் தெரியும். சாலோமியின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? ஆனாலும் தேவனுடைய கணக்கில் பக்கத்தில் நின்றவருக்கும் பலன் உண்டு.

5. சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

அதே வேலூரில் நடந்த இன்னொரு சம்பவம். 1954 ஜனவரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முகத்திலும் பலத்த காயம். அழுகிறவருக்கு ஆறுதல் வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்ட், மேரியிடம் மீந்திருந்ததைப் பார்த்தார். கால்கள்தான் போயின, கைகள் இருந்தன. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். அந்த வேலைக்கு அவரை அழைத்தார்.

மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தார். பிற்பாடு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை வகித்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

டாக்டர் பிராண்ட் செய்ததும் கவனித்தலே. இழந்ததைக் கண்டு இரங்குவது எளிது. மீந்திருப்பதைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு வேலை காட்டுவது ஊக்கப்படுத்துதலின் மேலான படி.

6. எல்லாருக்கும் ஒரே மருந்து அல்ல

1 தெசலோனிக்கேயர் 5:14-ல் பவுல் மூவகையாரைப் பிரித்துச் சொல்லுகிறார். ஒழுங்கில்லாதவருக்கு எச்சரிப்பு, மனம் சோர்ந்தவருக்குத் தேற்றுதல், பலவீனருக்குத் தாங்குதல். எல்லாரிடத்திலும் பொறுமை. மருத்துவமனையில் வேலை செய்கிற எங்களுக்கு இது நன்றாகப் புரியும். சோர்ந்தவருக்கு எச்சரிப்பைக் கொடுத்தால், அது மருந்து மாறிப்போனதற்குச் சமம். பலவீனருக்கு வெறும் தேற்றுதலைக் கொடுத்தால் போதாது. கை கொடுத்துத் தூக்க வேண்டும். எந்த மருந்து யாருக்கு என்று அறிய, முதலில் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது நல்ல ஊழியம். வாயைத் திறந்த பின்புதான் கெடுத்தார்கள்.

7. ஆறு மாதம் நடந்த ஆராதனை

எங்கள் சபையின் அந்தக் குடும்பத்திற்கு வருகிறோம். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும். "சுகமாகிவிட்டது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்ப வரும். மாத்திரைக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். மாத்திரை அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிடைக்காதது, தினமும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் ஓர் ஆள்.

சபையில் நடந்ததை மறைக்காமல் சொல்லி, நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் பின் ஆறு வீட்டார் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருவர் இரண்டு முட்டையோடு போவார். மறுநாள் வேறொருவர் கொஞ்சம் கடலையோடு போவார். கண்முன்னே மாத்திரை சாப்பிடச் செய்து, ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு வருவார்கள். வாலிபர்கள் சேர்ந்து சுவரை எழுப்பினார்கள். நடுவில் ஒருமுறை மாத்திரையால் வாந்தி வந்து, இனி வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முறைக்குப் போன மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினாராம்.

ஆறு மாதம் முடிந்தது. நோய் நீங்கிற்று. பழைய பலம் முழுவதும் வரவில்லை. கரும்பு வெட்டப் போக முடியவில்லை. இலகுவான வேலை பார்க்கிறார். ஞாயிறுதோறும் வருகிறார்கள், அதே கடைசி வரிசைதான். சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது அவர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "ஐயா, தையல் மிஷின் வச்சிருக்கிற அம்மா மூணு வாரமா வரல. சாயங்காலம் நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார். வருகைப் பதிவு எங்கள் கையில்தான் இருந்தது. கவனித்தவர் அவர்.

8. நாம் செய்யக்கூடியவை

உங்கள் காணிக்கைகளால் எத்தனையோ ஏழை நோயாளிகள் சிகிச்சை பெறுகிறார்கள். அதற்காக தேவனைத் துதிக்கிறோம். காணிக்கையோடு கூட மேலும் சில காரியங்களை அன்போடு நினைப்பூட்டுகிறோம்.

ஆராதனை முடிந்து வீடு திரும்புமுன், இன்று யாரைக் காணவில்லை என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அன்று மாலையே போய்ப் பாருங்கள். போகும்போது "ஏன் வரவில்லை?" என்று தொடங்காமல், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று தொடங்குங்கள்.

கொடுக்க முடியாதவர் வெட்கப்படாதபடி நடந்துகொள்ளுங்கள். காணிக்கைத் தட்டைப் பார்த்து ஒருவர் ஆலயத்தை விட்டு ஒதுங்கினால், குறை தட்டில் அல்ல, நம்மிடத்தில் இருக்கிறது.

உங்கள் தெருவில் நீண்ட நாள் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், கிறிஸ்தவரோ அல்லவோ, அவரைக் கேட்டு விசாரிக்கும் ஓர் ஆளாக இருங்கள். திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூவரும் கிறிஸ்தவர் அல்லர்.

சிந்திக்க:
1. கடந்த மாதம் நம் சபையில் காணாமற்போன முகம் யாருடையது? அவரைப் போய்ப் பார்த்தவர் யார்?
2. நம் பேச்சு பிறரைத் தூண்டுகிறதா, குத்துகிறதா?
3. நம்முடைய சோர்வின் நாளில் பக்கத்தில் வந்து நின்றவர் யார்? அவருக்கு நன்றி சொன்னோமா?

ஜெபம்:
காணாமற்போனதைத் தேடிவந்த ஆண்டவரே, எங்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பாராமல் போன எங்கள் குற்றத்தை மன்னியும். பார்க்கும் கண்களையும், போகும் கால்களையும், காத்திருக்கும் பொறுமையையும் தாரும். இந்த இதழை வாசிக்கிறவர்களில் சோர்ந்திருப்பவர் பக்கத்தில் இன்று ஒருவரை அனுப்பும். அந்த ஒருவர் நாங்களாக இருக்க வேண்டுமானால் எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.